சொரியாசிஸ்: ஒட்டும் நோய் அல்ல, ஒதுக்க வேண்டிய நோயும் அல்ல

மளிகைத் தொழில் என்பது கையால் நடக்கும் தொழில். பருப்பை அள்ளுவது கை. பொட்டலம் மடிப்பது கை. சில்லறை எண்ணிக் கொடுப்பதும் கைதான். கடைக்கு வருகிறவர் முதலில் சரக்கைப் பார்க்கிறார். அடுத்தபடியாக அதை எடுத்துக் கொடுக்கும் கையைப் பார்க்கிறார். அந்தக் கையில் செதில் செதிலாகத் தோல் உதிர்ந்தால் என்ன ஆகும்? வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இதற்குப் பயந்தே நம்மவர்களில் சிலர் வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கொண்டு கல்லாவில் உட்காருகிறார்கள். சிலர் கல்யாணம் காட்சிகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். நமது வட்டாரத்தில் ஒரு கடையில், பல வருடம் நேர்மையாக வேலை பார்த்த ஒருவரை, "வாடிக்கை முகம் சுளிக்கிறார்கள்" என்று சொல்லிக் கணக்கு முடித்து அனுப்பியதை நானே அறிவேன். அவருக்கு இருந்தது சொரியாசிஸ். அது யாருக்கும் ஒட்டாத நோய். இது முதலாளிக்கும் தெரியாது, வாடிக்கைக்கும் தெரியாது, சொல்லப் போனால் அவருக்கே சரியாகத் தெரியாது. தெரியாமையால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிற்று. ஆகவேதான் இந்த நோயைப் பற்றி நமது இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் மருத்துவன் அல்லன். தோல் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை, நமக்குப் பழக்கமான முறையில் சொல்கிறேன்.

இது என்ன நோய்?

நமது தோல் தன்னைத்தானே புதுப்பித்துக் கொண்டே இருக்கிறது. அடியில் பிறக்கும் புதிய செல்கள் மெல்ல மேலே வந்து, முதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்து போகின்றன. இந்தச் சுற்றுக்குச் சுமார் 28 நாட்கள் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் இதே வேலை 3 முதல் 5 நாட்களில் நடக்கிறது.

நமது கிடங்கையே எடுத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு லோடு வர வேண்டிய சரக்கு நாலு நாளைக்கு ஒரு லோடு வந்து இறங்கினால் என்ன செய்வோம்? பழைய சரக்கு வெளியே போகுமுன் புதுச் சரக்கு மேலே மேலே அடுக்கப்படும். தோலிலும் அதுதான் நடக்கிறது. முதிராத செல்கள் குவிந்து, தடித்த படையாகி, வெள்ளிப் பொடி போல் உதிர்கின்றன.

இத்தனை லோடு அனுப்பச் சொன்னது யார்? நம் உடலின் எதிர்ப்புச் சக்திதான். வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய காவல் படை, எதிரி இல்லாதபோதே தோலில் அழற்சியை உண்டாக்கி, செல்களை அவசரப்படுத்துகிறது. அதனால் இதைக் கிருமி நோய் என்று சொல்ல முடியாது. அழுக்கினால் வருவதும் இல்லை. "ரத்தம் கெட்டுவிட்டது" என்று சொல்லும் பேச்சும் பொருந்தாது.

ஒட்டுமா?

ஒட்டாது. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே துண்டில் துடைத்தாலும் ஒட்டாது. கணவன் மனைவிக்குள்ளும் ஒட்டாது. உதிரும் செதிலில் கிருமி எதுவும் இல்லை.

ஆனால் பரம்பரைத் தொடர்பு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 10 என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது 90 பேருக்கு வராது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு.

பழைய காலத்தில் மேல்நாடுகளில் கூட இதைக் குஷ்டம் என்று எண்ணி நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். 1841-ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவர் ஹெப்ரா என்பவர்தான் இது வேறு, தொழுநோய் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அந்தத் தொழுநோயே இன்று கூட்டு மருந்தால் முழுமையாகக் குணமாகிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் விதியையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது. அப்படி இருக்க, ஒட்டவே ஒட்டாத சொரியாசிஸுக்காக ஒருவரை விலக்கி வைப்பது எந்த வகையில் நியாயம்?

உலக சுகாதார நிறுவனம் 2014-ஆம் ஆண்டு மே மாதம் இந்த நோய்க்கென்றே ஒரு தீர்மானம் போட்டது. நாள்பட்டது, ஒட்டாதது, வலியும் அவமானமும் தருவது என்று அதில் ஒப்புக் கொண்டு, மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தும்படி எல்லா நாடுகளையும் கேட்டுக் கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29-ஆம் தேதி உலக சொரியாசிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உலகில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்பக்கம் ஆகிய இடங்களில் எல்லை தெளிவாகத் தெரியும் தடித்த திட்டுகள் வரும். அவற்றின் மேல் வெள்ளைச் செதில் படியும். சிவப்பு நிறத்தவர்களுக்குத் திட்டு சிவந்து தெரியும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு ஊதா கலந்த பழுப்பாகவோ கருமையாகவோ தெரியலாம். நகத்தில் ஊசியால் குத்தியது போல் சிறு குழிகள் விழுவதும், நகம் மஞ்சளாகித் தூக்கிக் கொள்வதும் முக்கியமான அடையாளங்கள்.

தலையில் வந்தால் பொடுகு என்றும், உடம்பில் வந்தால் படர்தாமரை என்றும், உள்ளங்கையில் வந்தால் சோப்பு ஒத்துக் கொள்ளவில்லை என்றும் நாமே தீர்ப்பு எழுதி விடுகிறோம். சாயப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ரசாயன ஒவ்வாமையால் வரும் அரிப்பு தனி. மூன்றும் பார்வைக்கு ஒன்று போல் இருக்கலாம், ஆனால் மருந்து வேறு வேறு. எனவே தோல் மருத்துவர் ஒருமுறை கண்ணால் பார்த்துச் சொல்வது அவசியம்.

எதனால் கிளம்புகிறது?

உடம்பில் உறங்கிக் கிடக்கும் இந்த நோயை எழுப்பி விடும் காரணங்கள் சில உண்டு.

முதலாவது, தோலில் படும் காயமும் உராய்வும். அடிபட்ட இடத்திலேயே புதிய திட்டு தோன்றும் என்பதைக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துச் சொன்னார். சணல் சாக்கு உராயும் தோளும், தினமும் மூட்டை இறக்கும் முன்கையும், இறுக்கமான எலாஸ்டிக் அழுத்தும் இடுப்பும் இதில் சேரும். சொறிவதும் காயம்தான்.

இரண்டாவது, தொண்டைப் புண். சிறுவர்களுக்குத் தொண்டை வலி வந்து போன சில வாரங்களில் உடம்பெங்கும் துளித் துளியாகத் திட்டுகள் கிளம்புவதுண்டு.

மூன்றாவது, மனக்கவலை. வர வேண்டிய பாக்கி வராத மாதத்தில் நோய் அதிகமாவதை நோயாளிகளே கவனித்துச் சொல்கிறார்கள். நோய் கவலையைக் கூட்ட, கவலை நோயைக் கூட்ட, இரண்டும் ஒன்றுக்கொன்று வட்டி போடும்.

நான்காவது, புகையும் மதுவும். ஐந்தாவது, சில மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில வகை மாத்திரைகள், மனநோய்க்குத் தரும் லித்தியம், மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின் போன்றவை இதைத் தூண்டக் கூடும். அதற்காக நாமே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

மார்கழி, தை மாதக் குளிரிலும் வறண்ட காற்றிலும் பலருக்கு இது கூடும். இளவெயில் பட்டால் பலருக்குக் குறையும்.

கடையில் விற்கும் களிம்பு

இந்தப் பகுதி நமது தொழிலையே தொடுகிறது. சில பெட்டிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் சொறி, சிரங்கு, படை எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் களிம்பு எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். போட்ட மூன்றாம் நாள் அரிப்பு நிற்கும், திட்டு மங்கும். வாங்கியவர் நம்மை வாழ்த்துவார். ஆனால் நடப்பது வேறு. படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டினால் பூஞ்சை உள்ளுக்குள் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் அடங்காமல் போகும். சொரியாசிஸாக இருந்தால், களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, வரி விழும்.

இந்தக் கேட்டைத் தடுக்கவே 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மருந்து உரிமம் இல்லாத கடையில் இவற்றை வைப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சில ரூபாய் லாபத்துக்காக நம் வாடிக்கையின் தோலைக் கெடுப்பது வணிக தர்மம் ஆகாது. இந்தச் சரக்கு நம் அலமாரியில் வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இதைவிட ஆபத்தானவை. சொரியாசிஸ்காரர் இவற்றைச் சில வாரம் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு முழுவதும் சிவந்து தோல் உரியலாம், சீழ்க் கொப்புளம் கிளம்பலாம். அப்படி வந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். "ஒரே மண்டலத்தில் நிரந்தரக் குணம்" என்று துண்டுப் பிரசுரம் கொடுத்து விற்கும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. லேபிள் இல்லாத சரக்கை நாம் கொள்முதல் செய்வோமா? அப்படியானால் உடம்புக்குள் மட்டும் ஏன் அனுமதிக்க வேண்டும்?

என்னென்ன மருத்துவம் உண்டு?

உண்மையை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இந்த நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் நன்றாக அடக்கி வைக்க மருந்துகள் இருக்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரு திட்டும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. ஒரே தவணையில் கட்டி முடித்து ரசீது வாங்கும் கணக்காக இதை நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பேரேட்டில் நடப்புக் கணக்காக வைத்து, அவ்வப்போது நேர் செய்து கொண்டே வர வேண்டும்.

நோய் குறைவாக இருந்தால் பூச்சு மருந்துகள் போதும். ஈரப்பதம் காக்கும் களிம்பு, செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம், நிலக்கரித் தார் கலந்த தைலமும் ஷாம்பும், வைட்டமின் டி வகையைச் சேர்ந்த களிம்பு ஆகியவை இதில் அடங்கும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை ஸ்டீராய்டு களிம்பும் உண்டு. மருத்துவர் கையில் அது மருந்து, தானாக வாங்கிப் போட்டால்தான் வினை.

பரவலாக இருந்தால், குறிப்பிட்ட அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உடலில் படச் செய்யும் சிகிச்சை உண்டு. வாரம் இரண்டு மூன்று முறை என்று சில மாதங்கள் போக வேண்டியிருக்கும். அதற்கும் மேல் மாத்திரைகள், ஊசிகள் உண்டு. 'பயலாஜிக்' எனப்படும் புது வகை ஊசிகள் நன்றாக வேலை செய்கின்றன. விலைதான் அதிகம். இந்திய நிறுவனம் ஒன்று 2014-இல் இவ்வகை மருந்து ஒன்றை இங்கேயே தயாரித்த பிறகு விலை ஓரளவு இறங்கத் தொடங்கியது. இந்த ஊசிகளுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உடுமலை அரசு மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கடிதம் வாங்கிச் செல்லலாம்.

சென்னையில் படித்தவர் தந்த கொடை

சொரியாசிஸுக்கு உலகெங்கும் தரப்படும் மாத்திரைகளில் முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். விலை மலிவானது. இதன் பின்னால் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு வரலாறு இருக்கிறது. ஆந்திரத்தின் பீமாவரத்தில் 1895-இல் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் குறைந்த தகுதிச் சான்றோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா சென்று, லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அவருடைய குழு புற்றுநோய்க்காக உருவாக்கிய மருந்தைச் சேர்ந்த குடும்பமே இது. 1951-இல் மூட்டுவாதத்துக்கு அந்த மருந்தைக் கொடுத்தபோது, சொரியாசிஸ் திட்டுகளும் மறைவதை மருத்துவர்கள் கண்டார்கள். சுப்பாராவ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1948-லேயே காலமாகிவிட்டார்.

இந்த மாத்திரையில் ஒரு விஷயத்தை உயிர் போல நினைவில் வைக்க வேண்டும். சொரியாசிஸுக்கு இதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண், ரத்த அணுக் குறைவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று கடைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள். அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும். மது அறவே கூடாது. கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் தொடவே கூடாது. வலி மாத்திரையோ வேறு மருந்தோ சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வெட்பாலைத் தைலம்

சித்த மருத்துவர்கள் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் புகழ்பெற்ற மருந்து வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டு வெயிலில் சில நாள் வைத்தால் எண்ணெய் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாறும். வறண்ட நிலத்தில் தானாக வளரும் மரம் இது.

இதனால் செதிலும் அரிப்பும் குறைவதாகப் பலர் சொல்கிறார்கள். சிறிய அளவில் ஆய்வுகளும் நடந்துள்ளன. பார்க்க விரும்புவோர், 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவுகள் போன்ற முறையான இடங்களுக்குப் போக வேண்டும். இரண்டு மருத்துவமும் பார்த்தால் இரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

தோலோடு நிற்பதில்லை

சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மூட்டுவாதம் வருகிறது. விரல் முழுவதும் வீங்குவது, காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் மூட்டு மடங்காமல் விறைப்பது, குதிகால் வலி ஆகியவை அறிகுறிகள். "மூட்டை தூக்கிய வலி" என்று விட்டுவிட்டால் மூட்டு கோணி, நிரந்தர ஊனமாகும். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் காப்பாற்றலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, மாரடைப்பு ஆகியவையும் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது இரட்டை எச்சரிக்கை. வருடக் கணக்கு முடிக்கும்போது உடம்புக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எடையைக் குறைத்தாலே பலருக்குத் தோலும் தெளிகிறது.

தினசரிக் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிக்கவும். செதிலைப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்து உரிக்கக் கூடாது.

2. குளித்து ஈரம் உலருமுன் தேங்காய் எண்ணெயோ மருத்துவர் சொன்ன களிம்போ தடவவும். காங்கேயத்துச் செக்கு எண்ணெய் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கவும்.

3. தளர்வான பருத்தி ஆடை போடவும். திருப்பூர்ப் பருத்திப் பனியன் இதற்கென்றே நெய்தது போல் மென்மையானது.

4. மிளகாய், உப்பு, வெல்லம், சோடா ஆகியவற்றை அள்ளும்போது கரண்டி பயன்படுத்தவும். வெடிப்புள்ள கைக்கு உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை நல்லது.

5. காலை இளவெயிலில் சிறிது நேரம் நிற்கவும். தோல் எரியும் அளவு வேண்டாம்.

6. பத்தியம் என்ற பெயரில் பட்டினி கிடக்க வேண்டாம். காய்கறி, பழம், அளவான சாப்பாடு போதும்.

கடை முதலாளிகளுக்கு

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உணவுப் பொருளைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்று வாங்க வேண்டும். அந்த விதி தடுப்பது தொற்று நோய் உள்ளவர்களை. சொரியாசிஸ் தொற்று நோய் அல்ல. மருத்துவரிடம் அதைச் சான்றிலேயே எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக் கொள்ளுங்கள். அதிகாரி கேட்டாலும் காட்டலாம், வாடிக்கை கேட்டாலும் காட்டலாம்.

செதில் சரக்கில் விழக் கூடாது என்பது சுத்தம் பற்றிய விஷயம். அதற்கு வழி இருக்கிறது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் கொடுங்கள். நோய் கூடியிருக்கும் வாரங்களில் பில் போடும் இடத்திலோ மூடிய சிப்பங்களைக் கையாளும் வேலையிலோ வையுங்கள். ஒளி சிகிச்சைக்குப் போகும் நாளில் இரண்டு மணி நேரம் விடுப்புக் கொடுங்கள். "இது ஒட்டாது, நானே அவரோடுதான் சாப்பிடுகிறேன்" என்று முதலாளி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், வாடிக்கையின் சந்தேகம் போய்விடும். சரக்கைப் பற்றி நாம் சொல்லும் வார்த்தையை நம்பி வாங்குகிறவர்கள், இதையும் நம்புவார்கள்.

பெண் பார்க்கப் போகும் வீடுகளிலும் இதையே சொல்லுங்கள். நோயை மறைத்துக் கல்யாணம் முடிக்க வேண்டாம். நோய் இருக்கிறது என்பதற்காக நல்ல இடத்தைத் தட்டிக் கழிக்கவும் வேண்டாம்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 29-ஆம் தேதியை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து நமது உறுப்பினர்களுக்கும் சுமைப் பணியாளர்களுக்கும் இலவச முகாம் நடத்தலாம். சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையையும் அதிலேயே சேர்த்துக் கொள்ளலாம். முழுக்கைச் சட்டைக்குள் கையை ஒளித்து வைத்திருப்பவர்கள் அன்றைக்காவது மடித்து விட்டுக் காட்டட்டும்.